இரண்டு சோங்குகள்

துவக்கு என்கிற துப்பாக்கியின் பின்பாகத்தை, தோளில் அணைத்துப் பிடிக்கிற அந்த மரத் துண்டை, எங்கள் ஊரில் சோங்கு என்போம். கியூபெக் பிரெஞ்சில் அதற்குக் குரோஸ் என்று பெயர். மொன்றியலுக்கு வந்து நான் பிழையில்லாமல் சொல்லப் பழகிய முதல் பிரெஞ்சுச் சொற்களில் அதுவும் ஒன்று. காரணம், தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் என் வேலையே அதுதான். சென்ட் லோரன்டில், கிடங்குகளுக்கு நடுவே இருந்த ஒரு சின்னப் பட்டறையில் துவக்குச் சோங்குகளைத் தேய்த்து எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன்.

என் கணவர் கோப்பை கழுவிய உணவகத்துக்கு அந்தப் பட்டறை முதலாளி மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவார். அறுபது வயதுக்காரர். இடது முழங்கால் மடியாது, நீட்டினபடியே கதிரையில் இருப்பார். தேய்க்கிற வேலைக்கு நிதானமான கை வேண்டும், பெண்ணாக இருந்தாலும் பரவாயில்லை என்றாராம். தையல் தொழிற்சாலையில் வேலை குறைந்திருந்த நேரம். என்ன பொருளைத் தேய்ப்பது என்று என் கணவர் எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் போகமாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

பட்டறைக்கு அதிகம் வருபவை மர்மோத் சுடுகிற துவக்குகள். மர்மோத் என்பது நிலத்தில் வளை தோண்டி வாழும், பூனையைவிடக் கொழுத்த ஒரு விலங்கு. அது தோண்டின குழிக்குள் மாடு காலை விட்டால் கால் முறியும், டிராக்டர் சில்லு இறங்கினால் அச்சு வளையும். ஆளைக் கண்டால் வளைக்குள் மறைந்துவிடும் என்பதால் வெகு தூரத்திலிருந்து ஒரே வெடியில் கொல்ல வேண்டும். அதற்குக் கனத்த குழல், பெரிய தொலைநோக்கி, மிக வேகமாகப் போகிற சின்னக் குண்டு. கதவுத் தாழ்ப்பாளைப் போல ஒரு பிடியைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்து, முன்னுக்குத் தள்ளி, மடக்கினால்தான் அடுத்த குண்டு ஏறும். அதைப் போல்ட் என்பார்கள். எந்தத் துவக்கு பட்டறைக்குள் வந்தாலும் முதல் வேலை போல்ட்டை உருவித் தகரப் பெட்டியில் போடுவது. முதல் நாள் முதலாளி எனக்குக் காட்டித் தந்தது அதுதான். பிடியைத் தூக்கு, பின்னுக்கு இழு, பக்கத்தில் இருக்கிற சின்ன நெம்பை அழுத்து, உருவு. "இது வெளியில இருந்தால் துவக்கு இல்லை, வெறும் குழாய்" என்றார்.

அவருக்குச் சோங்குகளைப் பற்றிக் கதைக்க அலுக்காது. மான் சுடுகிற துவக்கின் சோங்கு மெலிந்திருக்கும், தூக்கிக்கொண்டு காட்டில் நடக்க வேண்டுமே. மர்மோத் துவக்கை யாரும் தூக்கித் திரிவதில்லை. மேசையில் மணல் மூட்டை போட்டு அதன்மேல் கிடத்திச் சுடுவார்கள். அதனால் முன்பாகம் அகலமாக, அடி தட்டையாக, அசையாமல் குந்தியிருக்க வேண்டும். கன்னம் வைக்கிற மேடு உயர்ந்திருக்க வேண்டும், கண் தானாகவே தொலைநோக்கிக்கு நேரே வரும்படி. குழலும் சோங்கும் எங்கேயும் முட்டக்கூடாது. ஒரு கடதாசித் துண்டை இரண்டுக்கும் நடுவில் விட்டு நுனிவரை இழுத்துப் பார்ப்பார். கடதாசி சிக்கினால் எல்லாம் திரும்ப முதலிலிருந்து.

வால்நட் மரம் அழகு, தோளுக்கு இதம், ஆனால் தண்ணீர் குடிக்கும். குடித்தால் ஊதும், ஊதினால் குழலை நெருக்கும், குண்டு வேறெங்கோ போகும். பைபர்கிளாஸுக்கு மழையும் வெயிலும் ஒன்று. அழகில்லை, தட்டினால் வெறும் தகரப் பேணியின் சத்தம், தேய்த்தால் தூசு பட்டுக் கை முழுக்கக் கடிக்கும், அரிப்பு நிற்காது. முதலாளி மரத்தின் பக்கம். ஆனாலும் கேட்பவர்களுக்கு இரண்டையும் செய்து கொடுத்தார்.

இது அவருடைய ஒப்பீடு. என் கை அந்தச் சோங்குகளைத் தொட்டபோதெல்லாம் எனக்கு வேறொன்று ஓடியது.

ஊரில் ஒரு காலை, ஆமி சுற்றிவளைத்தபோது, வீட்டு வாசலில், படலையடியில் என் தம்பியை இழுத்தார்கள். நான் அவனுடைய சேர்ட்டை விடவில்லை. ஒருவன் துவக்கைத் திருப்பிச் சோங்கால் என் வலது தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் இடித்தான். எலும்பு முறிகிற சத்தத்தை வெளியில் கேட்கவில்லை, தலைக்குள்ளே கேட்டேன். கை தானாகவே திறந்துகொண்டது. அதே சோங்கால் தம்பியின் காதில் அடித்தான். தம்பி பிறகு திரும்பி வந்தான், ஆனால் அந்தக் காது போய்விட்டது. அடித்தவனுடைய முகம் எனக்கு நினைவில்லை. சோங்கின் அடியில் இருந்த இரும்புத் தகடும் அதில் இரண்டு ஆணித் தலைகளும் நினைவிருக்கின்றன.

அதனால் பட்டறையில் ஒரு புதுச் சோங்கு வந்தால் நான் முதலில் அதன் அடியைத்தான் பார்ப்பேன். இரும்புத் தகடா, றப்பரா? விளிம்பு கூரா, உருட்டினதா? இது பட்டால் என்ன முறியும்? வால்நட் கனம், ஆழமாக இறங்கும். பைபர்கிளாஸ் தோலைக் கிழிக்கும். இப்படியொரு கணக்கு என் மண்டைக்குள் ஓடியதை முதலாளிக்கு நான் சொன்னதில்லை. கேட்கவும் அவருக்குத் தெரியாது.

புரோசார்டுக்கு அப்பால் மாட்டுப் பண்ணை வைத்திருந்த இரண்டு சகோதரர்கள் எங்கள் வாடிக்கையாளர்கள். தகப்பன் பண்ணையை இருவருக்கும் பொதுவாக எழுதிவிட்டுச் செத்துப்போனார். இருவரும் கலியாணம் கட்டவில்லை. ஒரே வீடு, ஒரே சமையலறை. மூத்தவர் குட்டை, அகலம், அதிகம் பேசமாட்டார். இளையவர் நெடுவல், வாய் ஓயாது. ஒரே கடையில் ஒரே மாதிரித் துவக்கு இரண்டு வாங்கி, சோங்கை மட்டும் மாற்றித் தரும்படி எங்களிடம் வந்தார்கள். மூத்தவருக்கு வால்நட். இளையவருக்குப் பைபர்கிளாஸ், பச்சை நிறம். எது நல்லது என்று பட்டறைக்குள்ளேயே சத்தம் போட்டுச் சண்டை பிடித்தார்கள். அப்போது நான் சிரித்தேன். கலியாணப் பந்தியில் மச்சான்மார் பிடிக்கிற சண்டை போலத்தான் இருந்தது.

கோடையில், முதல் புல் வெட்டி முடிந்த கையோடு, மூத்தவர் தொலைபேசியில் கத்தினார். துவக்கு ஒரு நாள் நேராகச் சுடுகிறதாம், மறுநாள் வலப்பக்கம் போகிறதாம். எண்ணெய் ஒழுங்காகப் பூசவில்லையாம். முதலாளிக்கு ரோசம் வந்துவிட்டது.

"நீங்களும் வாங்கோ, மதாம்" என்றார். "எண்ணெய் வைச்சது நீங்கள். உங்கட கண்ணாலயும் பாருங்கோ."

பண்ணையில், வயலைப் பார்த்தபடி பழைய கதவொன்றை மேசையாகப் போட்டிருந்தார்கள். மேல் இரண்டு மணல் மூட்டைகள். பக்கத்தில் மாட்டுச் சாணியைக் கரைத்துத் தேக்கி வைத்திருந்த பெரிய குளம். முதலாளி கடதாசியை இழுத்துப் பார்த்தார். இரண்டு துவக்கிலும் சிக்காமல் ஓடியது. மூத்தவர் முதலில் உட்கார்ந்தார்.

துவக்கின் தொலைநோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னார்கள். ஒரு மர்மோத் வளையின் வாசலில் இரண்டு காலில் எழுந்து, முன்கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு நின்றது. நான் விலகினேன். வெடித்தது. முதலாளியின் கையில் இருந்த வேறொரு தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தபோது அங்கே விலங்கு இல்லை. வளையைச் சுற்றிப் புல் சிவப்பாக இருந்தது, அவ்வளவுதான். குண்டு சின்னது, அந்த வேகத்தில் உடம்புக்குள் போனதும் சிதறிவிடும், உடம்பையும் சிதறடித்துவிடும். இளையவர் சுட்டது பின்பாதி இல்லாமல் முன்கைகளால் வளைக்குள் இழுபட்டுப் போகப் பார்த்தது. அவர் சிரித்துக்கொண்டு திரும்பக் குண்டேற்றினார். மூத்தவர் அதற்குள் நடந்துபோய்ச் சப்பாத்துக் குதியால் மிதித்து முடித்தார். திரும்பி வந்து சப்பாத்தைப் புல்லில் துடைத்தார்.

மத்தியானம்வரை மூத்தவரின் வால்நட் கெட்டித்தனமாகத்தான் சுட்டது. இளையவருடையது ஒன்றிரண்டு தவறியது. மூத்தவர் முதல்முறையாகச் சிரித்தார். "மரம் மரம்தான்" என்று முதலாளியின் தோளில் தட்டினார். இளையவர் முதல் ஆளாக வீட்டுப் பக்கம் நடந்தார்.

சாப்பிட வீட்டுக்குள் போனோம். மழை வந்தது. துவக்குகளைக் களஞ்சியத்துக்குள் வைக்கிறேன் என்று இளையவர் வெளியே ஓடிப்போய் நனைந்துகொண்டு வந்தார். மழை விட்டு நாங்கள் திரும்பியபோது பச்சைத் துவக்கு மட்டும் களஞ்சியத்தில் இருந்தது. வால்நட் மேசையிலேயே மல்லாந்து கிடந்தது. சோங்குக்கும் குழலுக்கும் நடுவில் இருந்த வாய்க்காலில் தண்ணீர் நின்றது.

மூத்தவர் அதைத் துடைத்து, குண்டேற்றி, இருந்து சுட்டார். மண் தெறித்தது. திரும்பவும் சுட்டார். மண். முதலாளி போல்ட்டைத் திறக்கச் சொல்லிக் கடதாசியை விட்டுப் பார்த்தார். பாதியில் சிக்கியது. உள்ளே பார்த்தபோதுதான் தெரிந்தது, மூத்தவர் தானே அரத்தால் வாய்க்காலை அகட்டியிருக்கிறார். நான் பூசின எண்ணெயெல்லாம் அங்கே போய்விட்டது. எண்ணெய் இல்லாத வெறும் மரம் தண்ணீரைக் குடித்திருந்தது. முதலாளி, தூரத்தில் விட்டுவந்த தன் தொலைநோக்கித் தாங்கியை எடுக்கப் போனார்.

"சொன்னேனா?" என்றார் இளையவர். அவர் இப்போது தன் துவக்கைக் களஞ்சியத்திலிருந்து கொண்டுவந்து, குண்டேற்றி மேசையில் கிடத்திவிட்டு, அதன் முன்னால் இருந்தார். "அப்பாவைப் போலத்தான் நீயும். மரம் மரம் எண்டு கட்டிப் பிடிச்சுக்கொண்டு கிட. உனக்குத் துவக்கும் சரிவராது, பண்ணையும் சரிவராது."

"நீ வேணுமெண்டு மழையில விட்டனி."

"ஓம், விட்டனான்."

மூத்தவர் குழலை இரண்டு கையாலும் பிடித்துத் துவக்கைத் தலைகீழாக்கியதைக் கண்டேன். எனக்குத் தெரிந்தது. எங்கள் நாலு பேரில் அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத்தான் முதலில் தெரிந்தது. வாய் திறக்கவில்லை. சோங்கு சுற்றி வந்து இளையவரின் வலது கன்னத்தில் இறங்கியது. இந்த முறை அந்தச் சத்தத்தை வெளியில் கேட்டேன். பல்லொன்று மேசையில் விழுந்து உருண்டது. மூத்தவர் திரும்பவும் ஓங்கி அடித்தார், நெற்றியை நோக்கி. இளையவர் கையை உயர்த்தினார். சோங்கு முழங்கையில் பட்டு, பிடிக்கிற ஒடுங்கின இடத்தில் இரண்டாக முறிந்தது. நான் வாரக்கணக்காகத் தேய்த்த மரம். முறிந்த இடம் வெளிறி, சிலாம்பு சிலாம்பாக நின்றது.

என் கால்களுக்கு நடுவே சூடாக இறங்கியது. நான் நனைந்துபோனேன் என்பது பிறகுதான் விளங்கியது.

மூத்தவர் கையில் குழலோடு அப்படியே நின்றார், யாரோ அடித்துவிட்டுத் தன் கையில் கொடுத்துவிட்டுப் போனதுபோல. தூரத்திலிருந்து முதலாளி முழங்காலை இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். இளையவர் புல்லில் விழுந்து எழும்பினார். முகத்தின் ஒரு பக்கம் உள்ளே இறங்கியிருந்தது. இரத்தம் சேர்ட்டுக்குள் வடிந்தது. அவர் அண்ணனைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தார். பச்சைத் துவக்கைப் பார்த்தார்.

மேசைக்குக் கிட்ட நான் நின்றேன். யோசித்துச் செய்யவில்லை. தினமும் காலையில் செய்கிற வேலை. பிடியைத் தூக்கினேன், பின்னுக்கு இழுத்தேன், குண்டு துள்ளிப் புல்லில் விழுந்தது, நெம்பை அழுத்தினேன், போல்ட் என் கைக்கு வந்துவிட்டது.

அவர் என் தலைமயிரைப் பிடித்து இழுத்தார். வாயில் இரத்தத்தோடு ஏதோ கேட்டார். தா என்றிருப்பார். நான் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். முகத்தில் அறைந்தார். பிறகு கழுத்தைப் பிடித்தார். பெரிய கை, முழுக் கழுத்தும் அதற்குள் அடங்கியது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவருடைய மற்றக் கை என் வாய்க்கு நேரே வந்தபோது கடித்தேன். விடவில்லை. பல்லுக்குள் எலும்பு தட்டியது. அவருடைய இரத்தம் என் நாக்கில் பட்டது. சொல்வதற்கு வெட்கமில்லை, அது எனக்கு இனித்தது. படலையடியில் கடிக்க முடியாமல் போனதையெல்லாம் சேர்த்து அந்தக் கையைக் கடித்தேன். அவர் கத்திக்கொண்டு கையை உதறினார். நான் விலகி ஓடிப்போய்ப் போல்ட்டைச் சாணிக் குளத்தின் நடுவில் எறிந்தேன். அது மூழ்கின இடத்தில் ஒரு குமிழி வந்தது.

முதலாளி அப்போதுதான் வந்து சேர்ந்தார். தன் முழுப் பாரத்தோடும் இளையவர்மேல் விழுந்து அழுத்திக்கொண்டார். "வீட்டுக்கு ஓடு! தொலைபேசி!" என்று கத்தினார். என் பிரெஞ்சில் நான் என்ன சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. இரத்தம், சகோதரன், குரோஸ் என்றேன். அம்புலன்ஸ் வந்தது.

அதற்கிடையில் மூத்தவர் முறிந்த சோங்கின் இரண்டு துண்டையும் பொறுக்கி மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டார். பொலிஸ் வந்து தேடியபோது பால் கறந்துகொண்டிருந்தார். மாடுகள் நேரத்துக்குக் கத்தும்தானே. கடைசி மாடு முடியும்வரை இரண்டு பொலிஸ்காரரும் வாசலில் நின்றார்கள். பிறகு கையை அலம்பிவிட்டு அவர்களோடு காரில் ஏறினார்.

வீட்டுக்கு வந்தபோது கழுத்தில் ஐந்து விரலும் நீலம் பாரித்திருந்தன. என் கணவர் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

"நீர் ஏன் அதுக்குள்ள போனனீர்?" என்றார். "அவங்கள் வெள்ளைக்காரங்கள், அண்ணன் தம்பி. சுட்டால் சுடட்டும். உமக்கென்ன?"

"சுட்டிருப்பான்."

"சுடட்டுமன்! துவக்கு வேண்டாமெண்டுதானே கடல் தாண்டி வந்தனாங்கள். அந்த வேலைக்கு உம்மை அனுப்பினது நான்தான். அதுதான் எனக்கு..."

எழும்பிப் போய் ஐஸ் கட்டியைச் சீலையில் சுற்றிக்கொண்டு வந்து என் கழுத்தில் வைத்துக்கொண்டிருந்தார். அன்று அவர் வேலைக்குப் போகவில்லை.

நான் பட்டறையை விடவில்லை. ஏன் என்று அவர் பலமுறை கேட்டார். புதன்கிழமை காலையில் போனேன், தகரப் பெட்டியைத் திறந்து வைத்தேன், வந்த துவக்கில் போல்ட்டை உருவினேன். முதலாளி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தன் கோப்பியை எனக்குத் தந்தார்.

மூத்தவருக்குச் சில மாதம் சிறை. இனித் துவக்குத் தொடக்கூடாது என்று நீதிபதி சொன்னார். பனி விழத் தொடங்கியபோது திரும்பிப் பண்ணைக்கே வந்துவிட்டார். வேறெங்கே போவார்? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இளையவரும் அங்கேதான். ஒரே வீட்டில் பேசாமல் இருந்தார்களாம். காலைக் கறவை ஒருவர், மாலைக் கறவை மற்றவர்.

ஒரு குளிர்கால மத்தியானம் இளையவர் பச்சைத் துவக்கைச் சீலையில் சுற்றிக்கொண்டு பட்டறைக் கதவைத் திறந்தார். பொலிஸ் அதைத் திருப்பிக் கொடுத்திருந்தது. புதுப் போல்ட் வேண்டும் என்றார். பிறகு, சோங்கில் கன்னம் வைக்கிற இடமும் சரியில்லை என்றார்.

முதலாளி எழும்பினார். "இந்தக் கடையில உனக்கு வேலை செய்யமாட்டன். போ."

அவர் போகவில்லை. தொப்பியைக் கழற்றினார். வலது கன்னத்து எலும்பு உள்ளே இறங்கி, கண் சற்றுக் கீழே சரிந்திருந்தது. "முகம் மாறிப்போச்சு" என்றார். "கன்னத்தை வைச்சால் தொலைநோக்கிக்குள்ள ஒண்டும் தெரியேல்லை."

முதலாளி என்னைப் பார்த்தார். வேண்டுமா வேண்டாமா என்பதை என்னிடம் விட்டுவிட்டார் என்று விளங்கியது. எனக்குக் கோபம் இருந்தது. கழுத்தில் அந்தக் கை இருந்தது. ஆனால் அந்தக் கன்னம் எப்படி அந்த வடிவத்துக்கு வந்தது என்று அந்த அறையில் இருந்த வேறு யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும்.

கதிரையைக் காட்டினேன். சோங்கின் மேட்டில் வெள்ளைச் சோக்குத் தூளைப் பூசி, முகத்தை வைத்துப் பார்க்கச் சொன்னேன். எடுத்தபோது தாடையில் மட்டும் சோக்கு ஒட்டியிருந்தது. எலும்பு இருந்த பள்ளம் வெறுமையாக இருந்தது. அந்தப் பள்ளத்தை நிரப்ப எவ்வளவு தடிப்பு வேண்டும் என்று விரலால் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். தொட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். என் விரல் பட்டதும் கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். அந்தக் கையில் என் பற்களின் தழும்பு வளைவாக இருந்தது. அவர் கண்ணைத் திறந்தபோது இருவரும் அதைப் பார்த்தோம்.

பைபர்கிளாஸ் பசையை அடுக்கடுக்காக வைத்துக் காயவிட்டுத் தேய்த்தேன். இரண்டு முறை திரும்ப வந்து முகம் வைத்துப் பார்த்தார். கடைசி முறை கன்னம் முழுக்க வெள்ளையாக ஒட்டியிருந்தது. போல்ட் இல்லாத துவக்கை எடுத்து ஜன்னலுக்கு வெளியே, தெருவுக்கு அப்பால் இருந்த கிடங்கின் பெயர்ப்பலகையைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"தெரியுது" என்றார்.

பிறகு முதலாளி புதுப் போல்ட்டைப் பொருத்தினார். நான் அந்த நேரம் வெளியே போய்ப் பனியில் நின்றேன். இளையவர் துவக்கைச் சுற்றிக்கொண்டு என்னைத் தாண்டி வண்டியடிக்குப் போனவர் திரும்பி வந்தார்.

"வசந்தத்தில வந்து பாக்கிறீங்களா? எப்பிடிச் சுடுதெண்டு?"

"இல்லை, வரமாட்டன்" என்றேன்.

தலையாட்டினார். வண்டியில் ஏறி, கண்ணாடியில் படிந்த பனியைக் கையால் துடைத்துவிட்டு, புரோசார்ட் பக்கம் போனார். மாலைக் கறவை அவருடையதாக இருந்திருக்கும். நான் உள்ளே போய்த் தரையில் கிடந்த பச்சைத் தூசைக் கூட்டி அள்ளினேன். கை கடித்தது. அடுத்து ஒரு வால்நட் சோங்கு மேசையில் காத்திருந்தது.